பழைய வண்ணாரப்பேட்டையில் பிள்ளைகளுக்கு மத அறிமுக வகுப்பு: எப்படி நடத்துவது?

வண்ணை வாசிப்பு வட்டம்:

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கமும் வாசிப்பு வட்டமும் சேர்ந்து கோடை விடுமுறையில் ஆறு வார வகுப்பு நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். 14 முதல் 20 வயது வரை உள்ள பிள்ளைகள். ஒரே தெருவில் கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு நோன்பு இருக்கிறார், எதற்கு மாலை போடுகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வாட்ஸ்அப்பில் வருவதுதான் அவர்களுக்குப் பாடம்.

"எம்மதமும் சம்மதம்" என்று தலைப்பு, ஞாயிறு காலை 10 மணி, மூன்று மதப் பெரியவர்களை அழைத்துத் தொடக்க விழா என்று முடிவு செய்திருக்கிறோம். மாநகராட்சிப் பள்ளியில் இடம் கேட்கலாமா? வழிபாட்டிடங்களுக்குக் கூட்டிப் போகலாமா? "பிள்ளையை மதம் மாத்தப் பாக்குறீங்களா" என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிமிழ்விளக்கு:

முதலில் நேரத்தை மாற்றுங்கள். ஞாயிறு காலை என்றால் கிறிஸ்தவப் பிள்ளைகள் பூசைக்கோ ஆராதனைக்கோ போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி அவர்கள் இல்லாமல் பேச வேண்டி வரும். சனிக்கிழமை மாலை 4 முதல் 5.30 வரை வையுங்கள். மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு முன்பே முடிந்துவிடும். அஸர் என்னும் பிற்பகல் தொழுகை தொழ வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் பத்து நிமிடமும் ஒதுக்கினால் போதும்.

24 பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஆறு பேராக நான்கு குழு. குழுவை நீங்களே கலந்து பிரித்துவிடுங்கள். அவர்களிடம் விட்டால் தெருக்காரப் பிள்ளைகளெல்லாம் ஒரே குழுவாக உட்கார்ந்துகொள்வார்கள்.

முதல் வாரம் பேச்சாளரே வேண்டாம். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு வாரம் சேர்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், பண்டிகை எல்லாம் அந்த ஒரு தாளிலேயே இருக்கும். அதை வைத்து மூன்று கேள்வி: தீபாவளி ஏன் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள்ளேயே வருகிறது? ரம்ஜான் ஏன் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் வந்து, 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடுகிறது? கிறிஸ்துமஸ் நகராமல் ஈஸ்டர் மட்டும் ஏன் நகர்கிறது? ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள், சூரிய ஆண்டோடு சேர்த்துக் கட்ட அதில் கூடுதல் மாதம் கிடையாது. தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையைச் சூரிய மாதக் கணக்கு அதிகம் நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஈஸ்டர், மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். யார் மதம் பெரியது என்ற பேச்சுக்கு அங்கே இடமே இருக்காது.

இரண்டாம் வாரத்திலிருந்து பேச்சாளர்கள். பதவியில் இருப்பவரை அழைக்காதீர்கள். மைக்கைப் பிடித்தால் 50 நிமிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார். அவர் வீட்டில் நோன்பு எப்படித் திறக்கிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது. மதத்தைக் கடைப்பிடிக்கிற சாதாரண ஆட்கள் இருவர் வேண்டும்: ஒரு பெரியவர், ஓர் இளம்பெண். முடிந்தால் இருவரும் அந்த மதத்துக்குள் வேறு வேறு பிரிவாக இருக்கட்டும். கத்தோலிக்கர் ஒருவர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஒருவர் என்று பக்கத்தில் உட்கார்ந்தாலே பிள்ளைகளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முன்கூட்டியே ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுங்கள். காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறீர்கள்? பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள்? நோன்பு, விரதம் எப்படி? சாவு வீட்டில் என்ன நடக்கும், வெளி ஆட்கள் எப்போது வரலாம்? உங்கள் மதத்துக்குள்ளேயே எதில் கருத்து வேறுபாடு? கடைசிக் கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். 20 நிமிடம் பேச்சு, 40 நிமிடம் கேள்வி.

கேள்விகளைச் சீட்டில், பெயர் இல்லாமல் வாங்குங்கள். நடத்துபவர் படித்துப் பார்த்து, வேண்டுமானால் மாற்றித்தான் கேட்க வேண்டும். "ஏன் கல்லைக் கும்பிடுறாங்க?" என்று சீட்டு வரும், நிச்சயம் வரும். அதைக் கிழித்துப் போடாதீர்கள். "மூலவர் முன்னால் நிற்கும்போது என்ன செய்வீர்கள், மனதில் என்ன ஓடும்?" என்று கேளுங்கள். "ஏன் பொம்பளைங்கள மசூதிக்குள்ள விடமாட்டாங்க?" என்று வந்தால், "உங்கள் பள்ளிவாசலில் பெண்கள் தொழ எங்கே இடம் இருக்கிறது, இல்லாவிட்டால் எங்கே தொழுகிறார்கள்?" என்று கேளுங்கள். கேள்வியில் இருக்கும் ஆர்வத்தை எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிட வேண்டும். இது பழகிவிட்டால் பிள்ளைகளே நான்காவது வாரத்தில் இப்படி எழுத ஆரம்பிப்பார்கள்.

மண்ணடி நடையர்:

வழிபாட்டிடங்களுக்குத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். அதற்கு ஆர்மேனியன் தெரு மாதிரி ஓர் இடம் வடசென்னையில் வேறு கிடைக்காது. அரண்மனைக்காரன் தெரு என்றாலும் அதுதான். கச்சாலீஸ்வரர் கோயில், 1772-ல் கட்டிய ஆர்மேனிய தேவாலயம், அந்தோணியார் கோயில் என்று ஊரே சொல்லும் புனித மரியன்னை இணைப்பேராலயம் மூன்றும் அந்த ஒரே தெருவில். கிழக்கே நகர்ந்தால் தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள், இன்னும் தள்ளி அங்கப்ப நாயக்கன் தெருவில் பள்ளிவாசல். எல்லாம் நடக்கிற தூரம். ஆனாலும் ஒரு நாளில் இரண்டு இடம்தான். ஐந்து இடம் போனால் செருப்பைக் கழற்றி மாட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

நாள் பார்த்துப் போங்க. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் நிற்க இடம் இருக்காது. வெள்ளி 12 முதல் 2 வரை பள்ளிவாசல் பக்கம் வேண்டாம், ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை நேரம். கோயில் நடை மதியம் சாத்தினால் மாலைதான் திறக்கும். திருவொற்றியூர் கோயிலுக்குப் போவதாக இருந்தால் பிரதோஷம், பௌர்ணமி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

சிக்கல் எங்கே வரும் என்றால், இந்த இடங்களில்தான். கோயிலில் குருக்கள் தீபாராதனைத் தட்டோடு வருவார், ஆசையாகப் பிள்ளையின் நெற்றியிலேயே விபூதி பூசப் போவார். பிள்ளை சட்டென்று முகத்தைத் திருப்பும். இரண்டு பேருக்கும் மனசு கஷ்டம். முந்தின நாளே குருக்களிடம், "விரும்புகிறவர்கள் கையை நீட்டுவார்கள், மற்றவர்கள் கைகளை நெஞ்சோடு கட்டி ஓர் அடி பின்னால் நிற்பார்கள்" என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளையும் வகுப்பிலேயே ஒரு முறை அப்படி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிரசாதத்துக்கும் இதே முறை. வாங்கி ஓரமாகப் போடுவதைவிட வாங்காமல் கும்பிட்டு நகர்வதே மரியாதை.

கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலி நடக்கும்போது போனால், நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்து போவார்கள். மற்ற மதப் பிள்ளைகளும் பிரசாதம் என்று நினைத்துப் பின்னாலேயே போய் நிற்பார்கள். அது மற்றவர்களுக்குக் கொடுப்பதல்ல. அந்த நேரத்தில் இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். திருப்பலி இல்லாத நேரமாகப் போவது இன்னும் எளிது.

பள்ளிவாசலுக்குப் போக, அதை நிர்வகிக்கும் ஜமாஅத்தின் செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். பெண் பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வர வேண்டும், எங்கே உட்காரலாம் என்று குறிப்பாகக் கேளுங்கள். அங்கே போன பிறகு கேட்டால் ஆண் பிள்ளைகள் உள்ளேயும் பெண் பிள்ளைகள் படியிலும் நிற்கும்படி ஆகும். அப்படி ஆனால் அன்றைய பாடம் அதுதான் என்று மனதில் பதிந்துவிடும். தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

தர்காவை, அதாவது இறைநேசர் அடக்கத்தலத்தை, தனியாக வையுங்கள். தர்காவும் பள்ளிவாசலும் ஒன்று என்றே வெளியில் பலர் நினைக்கிறார்கள். 1838-ல் மறைந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா நம் பக்கத்தில்தான் இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் என்று சொல்வார்கள். இறையை மனோன்மணி என்று அழைக்கும் அவர் பாடல்களைச் சித்தர் பாடல்களோடு சேர்த்து வாசித்துவிட்டுப் போனால் பிள்ளைகள் தானாகக் கேள்வி கேட்பார்கள். ஆனால் தர்கா வழிபாட்டை ஏற்காத முஸ்லிம்களும் நிறைய. அதை மறைக்காமல் இரண்டு தரப்பையும் சொல்லவையுங்கள்.

எந்த இடத்திலும் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் அவரவர் விருப்பம். காரணம் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. முக்கியமாகப் பெண் பிள்ளைகளை.

சட்டம் படித்தவன்:

இடம், பெற்றோர் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசியலமைப்பின் 28(1) பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது. 28(3), அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல், மைனர் என்றால் பாதுகாவலர் சம்மதம் இல்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக் கூடாது என்கிறது. மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மத போதனை வேறு என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே மாநகராட்சிப் பள்ளியில் இடம் கேட்கலாம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆனால் அங்கே சர்வசமயப் பிரார்த்தனை எல்லாம் வேண்டாம், தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: வகுப்பில் வழிபாடு இல்லை, எந்த மதத்தையும் ஏற்கவோ விடவோ சொல்லமாட்டோம், போகும் இடங்களின் பெயரும் தேதியும், பெற்றோர் எந்த நாளும் வந்து பின்வரிசையில் உட்காரலாம். கடைசி வரியைப் படித்ததும் மதமாற்றச் சந்தேகம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

யானைகவுனி:

"மூன்று மதப் பெரியவர்கள்" என்று படித்ததும் எழுதத் தோன்றியது. சமணர்கள் அதிகம் வாழும் சௌகார்பேட்டை ஒரு நடை தூரத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் சமணர்கள் 1.11 சதவீதம். அவர்களுக்குத் தீபாவளி, மகாவீரர் நிர்வாணமடைந்த நாள். அங்கே மின்ட் தெருவில் பெரும்பாலும் சுவேதாம்பரப் பிரிவினர். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் திகம்பரப் பிரிவினர். ராயபுரத்தில், ஜொராஸ்டிரிய மதத்தவரான பார்சிகளின் அக்னி ஆலயம் 1910-லிருந்து இருக்கிறது. பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது. அதை வெளியில் நின்று பார்ப்பதும் ஒரு பாடம்தான்: சில இடங்கள் நமக்குத் திறக்காது, அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இந்து மதத்தை வேதம், கீதை என்று மட்டும் ஆரம்பித்தால், தெருமுனை அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும் வீட்டுப் பிள்ளை 'இது நம்ம சாமி இல்லபோல' என்று நினைக்கும். கூழ் வார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வீட்டுச் சபைகளுக்குப் போகும் பெந்தெகொஸ்தே பிள்ளைகள், அம்பேத்கர் வழிப் பௌத்தர்கள், "எங்க வீட்ல சாமியே கும்பிட மாட்டோம்" என்கிற பெரியார் வழிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வாரம் வேண்டும்.

தலைப்பையும் மாற்றுங்கள். "எம்மதமும் சம்மதம்" என்று பேனர் கட்டிவிட்டால் வேறுபாட்டைப் பேசுகிறவர் குற்றவாளிபோல ஆகிவிடுவார். மறுபிறவி உண்டு என்கிறவரும் இல்லை என்கிறவரும் ஒன்றைச் சொல்லவில்லை. அதை மூடி மறைக்காமல் பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

மண்ணடி நடையர்:

யானைகவுனி சொல்வது வகுப்புக்குள் சரி. ஆனால் அழைப்பிதழில் அந்த வரி இருக்கட்டும் என்பேன். பாட்டிகளும் அப்பாக்களும் அதைப் பார்த்துத்தான் பிள்ளையை அனுப்புவார்கள். வகுப்பில் யாரும் அதை விடையாகச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்ணை வாசிப்பு வட்டம்:

எல்லோருக்கும் நன்றி. சனி மாலைக்கு மாற்றுகிறோம், தொடக்க விழாவையும் விட்டுவிடுகிறோம். இரண்டு சந்தேகம்: என்ன சாப்பிடக் கொடுப்பது? பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிமிழ்விளக்கு:

சுண்டல், வாழைப்பழம், டீ. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு சேர்க்காவிட்டால் சமணப் பிள்ளைகளும் சாப்பிடலாம், 5.30-க்கே கொடுத்துவிடுங்கள், இருட்டிய பிறகு அவர்களில் பலர் சாப்பிடமாட்டார்கள். எங்கேயும் படைத்துவிட்டுக் கொண்டுவந்ததாக இருக்க வேண்டாம். அசைவம் வேண்டவே வேண்டாம். ஹலாலா இல்லையா, என்ன கறி என்பதிலேயே அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும்.

முதல் நாளும் கடைசி நாளும் ஒரே பத்துக் கேள்வியைக் கொடுங்கள். புனித வெள்ளிக்கு 'வாழ்த்துகள்' அனுப்பலாமா? மொகரம் பத்தாம் நாள் ஷியாக்களுக்கு என்ன, சுன்னிகளுக்கு என்ன? முஸ்லிம் வீட்டில் இறப்பு என்றால் எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும்? சபரிமலைக்கு மாலை போட்டவர் எவற்றைத் தவிர்ப்பார்? இப்படி நாளைக்கே தெருவில் தேவைப்படுகிறவையாக இருக்கட்டும். மதிப்பெண்ணைப் பிள்ளையிடம் மட்டும் காட்டுங்கள். மதவாரியாகக் கூட்டிப் பார்க்கவே கூடாது.

வாட்ஸ்அப் குழு வைத்தால் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள், ஆறாவது வாரம் முடிந்ததும் கலைத்துவிடுங்கள். திறந்து விட்டால் தேர்தல் நேரத்தில் ஒரு ஃபார்வர்டு வரும், அதற்கு ஒரு பதில் வரும்.