மலேசிய பாஸ்போர்ட், மதுரை வாசம்: குடியுரிமைக்கு ஏழு வருஷக் கணக்கை எப்படிப் போடுவது?

திருமங்கலத்துக்காரன்
அண்ணிக்கு மலேசியக் குடியுரிமை. 2015 ஜூனில் கல்யாணம், திருமங்கலத்திலேயே பதிவும் ஆகிவிட்டது. அன்று முதல் எக்ஸ் விசாவில் (இந்தியரை மணந்த வெளிநாட்டவர் போன்றோருக்குத் தரும் விசா) இங்கேதான் இருக்கிறார். தலைப்பிரசவத்துக்குப் பினாங்கு தாய்வீட்டுக்கு 3-4-2018 போய் 20-12-2018 வந்தார். கொரோனாவில் 5-3-2020 முதல் 10-2-2021 வரை அங்கே. அவருடைய அப்பா இறந்ததற்கு 22-10-2025 போய் 9-11-2025 திரும்பினார். நடுவில் சில சின்னப் பயணங்களும் உண்டு. "பத்து வருஷம் ஆச்சு, தாராளமா போடலாம்" என்கிறார் ஆன்லைன் சென்டர்க்காரர். இந்தியக் குடியுரிமைக்கு 2026 பிப்ரவரியில் விண்ணப்பிக்கலாமா?

வைகைக்கரை
பிப்ரவரி வேண்டாம் தம்பி. கல்யாணத் தேதியிலிருந்து எண்ணுவதால்தான் பலரும் இதில் தடுமாறுகிறார்கள். விண்ணப்பம் போடும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 1955 குடியுரிமைச் சட்டம் 5(1)சி பிரிவில், அதாவது இந்தியரை மணந்தவர்களுக்கான பிரிவில், ஏழு வருஷம் இங்கே வாசம் என்று இருந்தாலும், விளக்கத்தில் அதை இரண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் முழுக்க இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அந்த 12 மாதத்துக்கு முந்தைய எட்டு வருஷத்தில் மொத்தமாகக் கூட்டி ஆறு வருஷம் வர வேண்டும்.

முதல் துண்டைத்தான் அக்டோபர் பயணம் கெடுக்கிறது. 16-11-2026 அன்று போடுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது 16-11-2025 முதல் 15-11-2026 வரை முதல் துண்டு, சுத்தமாக இருக்கும். இரண்டாம் துண்டு 16-11-2017 முதல் 15-11-2025 வரை: 2922 நாள். ஆறு வருஷத்துக்கு 2192 நாள் போக, வெளியே இருக்கக் கிடைப்பது 730. கிளம்பிய நாள், வந்த நாள் இரண்டையும் வெளிநாட்டு நாளாகவே எண்ணுங்கள். அதிகாரி எப்படி எண்ணினாலும் தப்பிக்கலாம். பிரசவம் 262, கொரோனா 343, துக்கம் 19. ஆக 624. மிச்சம் 106 நாளுக்குள் அந்தச் சின்னப் பயணங்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

அடங்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. தேதியைத் தள்ளத் தள்ள அந்த எட்டு வருஷமும் கூடவே நகரும். 2027 ஏப்ரலுக்குப் பிறகு பிரசவ கால நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கை விட்டு வெளியேறத் தொடங்கும்.

திருமங்கலத்துக்காரன்
தெளிவாப் புரிஞ்சது அண்ணே. 30 நாள் தளர்வு உண்டு என்கிறார்களே, அதை வைத்து இப்போதே போட முடியாதா?

வைகைக்கரை
உண்டு, 5(1ஏ). ஆனால் அந்த 12 மாதத்துக்கு மட்டும்தான். ஆறு வருஷக் கணக்குக்குப் பொருந்தாது. அதிகபட்சம் 30 நாள், விட்டு விட்டும் இருக்கலாம். விசேஷக் காரணம் இருக்கிறது என்று மத்திய அரசு எழுத்தில் பதிந்து தர வேண்டும், நாம் உரிமையாகக் கேட்க முடியாது. இறப்புச் சான்றிதழ் வைத்துக் கேட்கலாம். அவசரம் இல்லையென்றால் காத்திருப்பதே மேல் என்பேன்.

ஆனையூர் அக்கா
நாள் கணக்கை விடப் பெரிய ஆபத்து விசா இடைவெளி. முறையாக வந்தவரே ஆனாலும், அனுமதித்த காலம் தாண்டித் தங்கினால் சட்டப்படி 'சட்டவிரோதக் குடியேறி'. அவர்களுக்கு 5-ஆம் பிரிவில் இடமே கிடையாது. அதனால் 2015-லிருந்து ஒவ்வொரு தங்கும் அனுமதியையும் வரிசையாக அடுக்கி, ஒன்று முடியும் தேதிக்கும் அடுத்தது தொடங்கும் தேதிக்கும் நடுவில் ஒரு நாள்கூட விடுபடவில்லை என்று பாருங்கள். ஆன்லைனில் நீட்டிப்புக்குப் போட்ட ஒப்புகைச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள்.

முத்திரை விஷயம்: மலேசியர்களுக்கு அவர்கள் நாட்டு ஏர்போர்ட்டில் ஆட்டோகேட் (தானியங்கிக் குடியேற்ற வாயில்), பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. ஆகவே திருச்சியிலோ சென்னையிலோ விழுந்த இந்திய முத்திரைதான் சாட்சி. பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மை மங்கிப்போன பக்கத்துக்கு விமான டிக்கெட், போர்டிங் பாஸ் துணைக்கு வேண்டும்.

வீடு மாறியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். திருமங்கலம் மாவட்ட எஸ்பி எல்லை, ஆனையூர் மாநகரக் கமிஷனர் எல்லை. ஆவணத்தில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு முகவரி என்றால் விசாரணைக்கு வருபவர் வெறுங்கையோடு திரும்புவார், ஃபைல் அங்கேயே நிற்கும்.

வைகைக்கரை
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிவம் 3-ஐ ஆன்லைனில் நிரப்பி, பிரிண்ட் எடுத்து, அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள கலெக்டர் ஆபீஸில் ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டிலும் கல்யாணச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். மலேசிய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'த/பெ' மாதிரி சேர்ந்தே வரும், இங்கே இனிஷியலாகச் சுருக்கியிருப்பார்கள். இரண்டும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுவிடுங்கள்.

மலேசியக் குடியுரிமையை இப்போதே துறந்துவிடாதீர்கள். உள்துறை ஏற்புக் கடிதம் கொடுத்து, துறந்ததற்குச் சான்று கேட்ட பிறகுதான் அது. முந்திக்கொண்டால் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் நிற்க நேரிடும்.

திருமங்கலத்துக்காரன்
கடைசியா ஒண்ணு. 2026 மே மாசம் பினாங்கில் அண்ணியோட தங்கச்சி கல்யாணம். ஒரு வாரம் போயிட்டு வரலாமா?

ஆனையூர் அக்கா
போனால் 12 மாதம் திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும், அதாவது 2027 மே மாதம்தான் போட முடியும். கல்யாணத்தை விசேஷக் காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாமலும் இருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். போவதென்றால் போகட்டும், விண்ணப்பத் தேதியைத் தள்ளிவையுங்கள். இல்லை, அடிக்கடி போய்வர வேண்டிய குடும்பம் என்றால் இப்போதே ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமையோடே இந்தியாவில் விசா இல்லாமல் தங்க உதவும் அட்டை) வாங்கிவிடுங்கள். கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் போதும். அட்டை வாங்கி ஐந்து வருஷம் ஆனதும் 5(1)ஜி வழியாகப் போடலாம். அதில் எட்டு வருஷக் கணக்கு கிடையாது, கடைசி 12 மாதம் இங்கே வாசம் இருந்தால் போதும். விசா நீட்டிப்புக்கு அலைவதும் மிச்சம்.