பத்து ரூபாய்ப் பங்கு மலிவானதா?

கேள்வி:
வணக்கம். சென்ற மாதம்தான் டிமேட் கணக்கு தொடங்கினேன். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட எம்.ஆர்.எஃப். பங்கை என்னால் ஒன்றுகூட வாங்க இயலாது. பத்து ரூபாய்ப் பங்கென்றால் ஆயிரம் வாங்கலாம், அது இருபது ரூபாயாவதும் எளிது என்று தோன்றுகிறது. இந்தக் கணக்கு சரியா?

பதில் 1:
சரியன்று. மனை வாங்கப் போனால் விலையைக் கேட்ட கையோடு எத்தனை சதுர அடி என்றும் கேட்கிறோம். பங்கில் மட்டும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். எம்.ஆர்.எஃப். வெளியிட்டுள்ள பங்குகள் ஏறத்தாழ 42.4 லட்சம் மட்டுமே என்பதால், ஒரு லட்சம் ரூபாய் விலையில் அதன் மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 42,400 கோடி ரூபாய். 5,000 கோடி பங்குகளை வெளியிட்ட ஒரு நிறுவனத்தின் பங்கு பத்து ரூபாய்க்கு விற்றால், அதன் மதிப்பு 50,000 கோடி ரூபாய். உங்கள் பத்து ரூபாய் இருபதாக வேண்டுமானால், அந்த நிறுவனம் முழுவதையும் சந்தை ஒரு லட்சம் கோடிக்கு மதிக்க வேண்டும்.

பல நிறுவனங்கள் பங்கின் 10 ரூபாய் முகமதிப்பை, அதாவது ஏட்டில் குறித்த அடிப்படை மதிப்பை, 2 அல்லது 1 ரூபாயாகப் பிரித்து, பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டி விலையைக் குறைத்துக்கொள்கின்றன. எம்.ஆர்.எஃப். அவ்வாறு செய்யாமல் 10 ரூபாயிலேயே வைத்திருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

பதில் 2:
சந்தை மதிப்பைப் பார்த்தபின், நிறுவனம் ஈட்டும் லாபத்தைப் பாருங்கள். நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கான வருவாய் கிடைக்கும். பங்கின் விலையை அந்த வருவாயால் வகுத்தால் வருவது பி.இ. விகிதம், அதாவது ஒரு ரூபாய் வருவாய்க்கு நாம் தரும் விலை. விலை 300 ரூபாய், வருவாய் 15 ரூபாய் என்றால் விகிதம் 20. இதை அதே துறையிலுள்ள நிறுவனங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். விகிதம் மிகவும் குறைவாக இருந்தால், அவ்வாண்டு நிலத்தையோ கட்டடத்தையோ விற்றதால் லாபம் ஒருமுறை வீங்கியதா என்று ஆண்டறிக்கையில் தேடுவது நல்லது.

நானும் தொடக்கத்தில் நான்கு ரூபாய்ப் பங்கு ஒன்றை வாங்கினேன். நாள்தோறும் லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையில், நின்றதால், விற்க முன்வந்தும் வாங்க ஆளில்லாமல் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

கேட்டவர்:
நன்றி. ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம் என்று அறிவித்த பங்கை உடனே வாங்கச் சொல்கிறார் நண்பர். அது லாபமா?

பதில் 1:
அதனால் மட்டும் லாபமில்லை. பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், விலை ஏறத்தாழ பாதியாகும். நிறுவனத்தின் கையிருப்பு நிதி பங்கு மூலதனமாகப் பெயர் மாறுகிறதேயன்றி, வெளியிலிருந்து ஒரு ரூபாயும் உள்ளே வருவதில்லை.