அப்பாவின் உள்ளங்காலில் கொப்புளம். வலியே இல்லை என்கிறார். என்ன செய்வது?

வில்லாபுரம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. கீழமாரட் வீதியில் வெங்காய மண்டியில் கணக்குப் பார்த்தவர், போன வருடம்தான் நின்றார். சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. மாத்திரையை ஒரு வேளை விடமாட்டார். சாப்பாட்டில்தான் கை நிற்காது.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுவது அவருடைய நேர்த்திக்கடன். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. இந்தச் சித்திரையிலும் விரதம் இருந்து, அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு மூன்றுமாவடி போய், ராத்திரி முழுக்கத் தல்லாகுளத்தில் கிடந்து, விடியலில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்த்தார். பிறகு ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சிவிட்டு உச்சி வெயிலில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தே வந்தார். வந்ததும் ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தேன். குளியலறையிலிருந்து அவருடைய நாற்காலி வரைக்கும் மொசைக் தரையில் திட்டுத்திட்டாக ஈரம், ஓர் அடி விட்டு ஓர் அடி. முதல் நாள் கொண்டுவந்த பானகம் சிந்தியிருக்கும் என்று துடைத்தேன். துணியில் இளமஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டியது. பானகம் அந்த நிறத்தில் இருக்காதே என்று அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு கொப்புளம், உடையாமல் நீர் கோத்து நிற்கிறது. அவர் பேப்பரை மடக்கக்கூட இல்லை. "என்னம்மா தேடுற?" என்கிறார்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, அது வளைகிற அளவுக்கு அழுத்தினார். பட்டால் சொல்ல வேண்டும். வலது காலில் பத்து இடம் வைத்தார், அப்பா சொன்னது மூன்று. நரம்பு உணர்ச்சி போய்விட்டது, புண் ஆறும் வரைக்கும் அந்தக் காலை ஊன்றக் கூடாது, கொஞ்ச நாளைக்கு இன்சுலின் போட வேண்டும் என்றார்.

இன்று ஒன்பதாம் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். அவரோ வலிக்கவில்லை, ஆறிவிட்டது என்று தெருமுனை வரை நடந்து போய்விட்டு வருகிறார். இன்சுலின் என்றதும் "அதப் போட்டா அப்புறம் கால எடுக்கறதுதான்" என்கிறார். எல்லாவற்றையும் விடக் கஷ்டம், நான் காலைப் பார்க்கப் போனால் இழுத்துக்கொள்கிறார். பெற்ற மகள் அப்பன் காலைப் பிடிக்கிறதா என்று அவருக்கு உண்மையிலேயே கூச்சம். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்? அடுத்த வருடம் நேர்த்திக்கடனுக்கு என்ன சொல்வது?

திருமங்கலம் செல்வி:

கவலைப்படாதீர்கள் தங்கச்சி. என் மாமியாருக்கும் இப்படித்தான் வந்தது. வேப்பிலையும் விரலி மஞ்சளும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினோம், கொஞ்ச நாளில் காய்ந்துவிட்டது. இன்சுலினுக்கு எங்கள் வீட்டிலும் பயந்தோம், அதனால் போடவே இல்லை. பூசிப் பாருங்கள்.

மேலூர் விவசாயி:

தாயி, உன் அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று அவருக்குள்ளே இருந்து நான் சொல்கிறேன். எனக்கு இப்போது 59. வலது காலில் மூன்று விரல்தான் இருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது மதமதப்பு. உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், தட்டிவிடக் குனிந்தால் எறும்பு இருக்காது. அப்புறம் எரிச்சல். பகலில் வயலில் நிற்கும்போது தெரியாது, ராத்திரி படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். சாக்கை நனைத்துக் காலடியில் போட்டு அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் எரிச்சல் நின்றுபோனது. சந்தோஷம் தாங்கவில்லை. அழகர்கோவில் போய் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு மாலை சாத்திவிட்டு வந்தேன். ஆனால் நின்றது நோய் இல்லை தாயி. நரம்பு செத்துப்போனதால்தான் எரிச்சல் தெரியவில்லை. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த அறுப்புக்கு, களத்து மேட்டில் சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற உதறினேன், வரவில்லை. வார் சிக்கிவிட்டதோ என்று இன்னொரு காலால் மிதித்து இழுத்தேன். செருப்பு வந்துவிட்டது, முள் முறிந்து காலுக்குள் தங்கிவிட்டது. அப்போதும் வலி இல்லை. ஒரு சொட்டு ரத்தம்தான் இருந்தது, துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நாலு நாள் அந்தக் காலோடு நெல் மூட்டை ஏற்றினேன். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரிதான் வீட்டில் ஏதோ செத்த வாடை அடிக்கிறது என்று எலியைத் தேடினாள். வாடை என் காலிலிருந்து வந்தது.

விரல் இரண்டையும் எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள். அந்த வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரர்கள் நாலு பேர். நாலு பேரும் சொன்ன முதல் வார்த்தை, "வலியே இல்லயே, அதான் வரல." உன் அப்பாவும் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பண்ணவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. அவரோடு சண்டை போடாதே. "உங்களுக்கு வலிக்கலயாப்பா, அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிப் பார். எங்கள் டாக்டர் என்னிடம் அப்படித்தான் சொன்னார், அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தியில் ஏறியது.

காலைப் பிடிக்கிற கூச்சம் எனக்கும் இருந்தது. வீட்டுக்காரியையே விடமாட்டேன். சவரக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைக் காட்டி நானே பார்த்துப் பழகினேன். தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பார்ப்பேன். குதிகால், விரல் இடுக்கு, ஓரம் எதையும் விடுவதில்லை. இப்போது மூன்றாவது படிக்கிற பேரன் டார்ச் அடிக்கிறான். "தாத்தா, இங்க ஒரு கோடு" என்று அவன் காட்டின வெடிப்பை இரண்டு தரம் நேரத்தோடு கவனித்திருக்கிறேன். அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடு. ஆண்பிள்ளைக்குத் தானே பார்த்துக்கொள்வது என்றால் மானப் பிரச்சினை இல்லை.

நேர்த்திக்கடன் விஷயம். அதை விடச் சொல்லாதே, மாற்றச் சொல். எனக்கு அழகர் மலைக்கு வெறுங்காலோடு நடக்கிற வேண்டுதல் இருந்தது. அதை என் மகன் எடுத்துக்கொண்டான். நான் செருப்புப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பந்தலில் அவனோடு நடக்கிறவர்களுக்குப் பானகம் ஊற்றுகிறேன். முதல் வருடம் அழுகை வந்தது உண்மை. இரண்டாம் வருடம் வெயிலில் வந்தவர்கள் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக் குடித்ததைப் பார்த்தேன். இதுவும் அழகருக்குச் செய்கிறதுதான் என்று மனசு ஆறிவிட்டது.

ஓய்வுபெற்ற செவிலி, நரிமேடு:

31 வருடம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் கட்டுப் போடும் அறையில்தான். மேலூர் அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்ட வேண்டியதில்லை. செல்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உணர்ச்சி இல்லாத காலில் மஞ்சள், வேப்பிலை, சாம்பல், எருக்கம்பால் எதுவும் வேண்டாம். மேலே காய்ந்து பொருக்குத் தட்டிவிடும், உள்ளே சீழ் பரவிக்கொண்டே போகும். பொருக்கைத் தூக்கிப் பார்த்தால் எலும்பு தெரிந்த கால்களை என் கையால் கழுவியிருக்கிறேன்.

மகளுக்குச் சொல்ல வேண்டியது, இந்தப் புண்ணுக்கு முக்கியமான மருந்து காலை ஊன்றாமல் இருப்பது. கட்டைவிரல் மேட்டில்தான் நடக்கும்போது பாரம் விழும். ஒன்பது நாளாக ஆறுகிற சதையை அவர் தெருமுனை வரைக்கும் போய் நசுக்கிவிட்டு வருகிறார். கழிப்பறைக்குக்கூட வாக்கர் வைத்துப் போகட்டும். அந்த இடத்தில் பாரம் விழாதபடி தனிச் செருப்போ மாவுக்கட்டு மாதிரி ஒன்றோ போடுவார்கள், டாக்டரிடம் கேளுங்கள். காலுக்கு ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று டாப்ளர் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் என்ன கட்டுப் போட்டாலும் ஆறாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும்.

உடையாத கொப்புளத்தை வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள். வெந்நீரில் காலை வைக்கவே கூடாது, சூடு அவருக்குத் தெரியாது. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், வாடை வந்தால், காய்ச்சல் அடித்தால், விரல் கறுத்தால், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் அடுத்த கட்டு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. புண்ணே இல்லாமல் பாதம் வீங்கி, தொட்டால் அடுத்த காலை விடச் சூடாக இருந்தால் உள்ளே எலும்பு மூட்டுகள் நொறுங்க ஆரம்பித்திருக்கலாம். அதற்கும் வலி தெரியாமல் போகலாம். சுளுக்கு என்று உருவிவிடக் கூடாது.

இன்சுலின் போட்டதால் யாருக்கும் கால் போனதில்லை. கால் மோசமான பிறகுதான் பலருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள், ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சர்க்கரை இறங்கினால்தான் கிருமியை எதிர்க்க உடம்புக்குத் தெம்பு வரும். அப்பாவிடம் புண் ஆறுவதற்கான ஊசி என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை.

புண் ஆறினதும் எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) வாங்குங்கள், பின்னால் வார் வைத்தது. சாயங்காலம் போய் அளவு கொடுங்கள், அப்போதுதான் பாதம் லேசாக வீங்கியிருக்கும். வீட்டுக்குள்ளும் அதையே போடட்டும். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.

கால் நரம்பு கெட்டிருந்தால் கண்ணும் சிறுநீரகமும்கூடப் பாதித்திருக்கலாம். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் விழித்திரையைப் பார்த்துவிடுங்கள், அம்மாவையும் கூடவே கூட்டிப்போங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு சோதனை. பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்து, அதுவும் நரம்பைக் கெடுக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பெண் உங்கள் தெருவுக்கும் வந்தால், அப்பாவின் காலை அவரிடமும் காட்டுங்கள். சர்க்கரைக்காரர் காலுக்கென்றே அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டமும் வைத்திருக்கிறது.

திருமங்கலம் செல்வி:

அக்கா, கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மாமியார் காலைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்த இடம் கறுப்பாக, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. நாளைக் காலையில் கூட்டிப்போகிறேன்.

வில்லாபுரம் மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். டாப்ளர் பார்த்தாகிவிட்டது, ரத்த ஓட்டம் பரவாயில்லை. பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். புண் இப்போது ஒரு ரூபாய்க் காசை விடச் சிறியது. அம்மாவுக்குக் கண்புரை, தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மேலூர் ஐயா, நீங்கள் எழுதினதை அப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். செருப்பைக் கழற்றின இடம் வந்ததும் "நிறுத்து" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கும் எரிச்சல் இருந்துச்சு. ரெண்டு வருஷமா இல்ல. சரியாப்போச்சுனு நெனச்சேன்" என்றார். அந்த எரிச்சலைப் பற்றி எங்கள் யாருக்கும் அவர் சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து இன்சுலினுக்கு வயிற்றைக் காட்டுகிறார். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். முந்தாநாள் ராத்திரி அவரே கூப்பிட்டு, "இங்க வா, டார்ச்ச அடி, இடது குதிகால்ல இது என்ன?" என்றார். முடி கனத்தில் ஒரு வெடிப்பு. அவர் காலை என் மடியில் வைத்து எண்ணெய் தடவினேன், இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சித்திரைக்குத் தோல் பையைத் தம்பி எடுத்துக்கொள்கிறான். இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அப்பா இப்போதே வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி, பையில் தண்ணீரைக் கட்டி, வாயை எந்த இடத்தில் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஹால் முழுக்க ஈரம். துடைக்கிற துணியை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர்தான்.