பெருந்தமனி வளையம் தளர மறுத்தால் அதை ஒதுக்கிவிடலாமா?

அரும்பு_ஆய்வு (கேள்வி)

மருந்தியல் முதுநிலை ஆய்வுக்காக, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் பெருந்தமனி, இரத்தக்குழாயை விரிக்கும் அசிடைல்கோலினுக்கு எவ்வளவு தளர்கிறது என்பதை நலமான எலிகளோடு ஒப்பிட்டு வருகிறேன். முறை வழக்கமானதுதான். மார்புப் பெருந்தமனியை எடுத்து, சுற்றியுள்ள கொழுப்பை நீக்கி, 3 மில்லிமீட்டர் அகல வளையங்களாக நறுக்கி, ஆர்கன் பாத்தில், அதாவது வெட்டியெடுத்த திசுவை உயிரோடு வைத்து அதன் இழுவிசையை அளக்கும் கரைசல் தொட்டியில், இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு இடையே மாட்டுகிறேன். அதிலுள்ள உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கிரெப்ஸ் கரைசல் 37 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு அதில் குமிழியாக ஓடுகிறது. 1.5 கிராம் இழுவிசையில் ஒரு மணி நேரம் விட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, பிறகு 1 மைக்ரோமோலார் பீனைலெஃப்ரினால் சுருங்க வைத்து, அந்தச் சுருக்கத்தின்மேல் அசிடைல்கோலினைப் படிப்படியாகக் கூட்டுகிறேன்.

சிக்கல் நலமான எலிகளிலேயே தொடங்குகிறது. ஒரே எலியிலிருந்து எடுத்த நான்கு வளையங்களில் இரண்டு நன்றாகத் தளர்கின்றன, ஒன்று அரைகுறையாகத் தளர்கிறது, ஒன்று அசைவதே இல்லை. அந்த அசையாத வளையந்தான் பீனைலெஃப்ரினுக்கு மற்றவற்றைவிட வலுவாகச் சுருங்குகிறது. ஆகவே திசு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. 60 விழுக்காட்டுக்குக் குறைவாகத் தளரும் வளையங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று மூத்த மாணவர் ஒருவர் சொல்கிறார். அதே விதியை நீரிழிவு எலிகளுக்கும் பயன்படுத்தலாமா? அசிடைல்கோலின் கரைசல் கெட்டிருக்குமா என்ற ஐயமும் இருக்கிறது.

கிரெப்ஸ்37

கரைசலை விட்டுவிடுங்கள். அதே புட்டியிலிருந்து எடுத்த அசிடைல்கோலின் பக்கத்து வளையத்தைத் தளர்த்தியிருக்கிறது என்றால் குறை மருந்தில் இல்லை. நீங்கள் விசித்திரம்போல் எழுதியிருக்கும் செய்திதான் விடை. தளராத வளையம் கூடுதலாகச் சுருங்குகிறது என்றால், அதன் உட்புறத்தை மூடியிருக்கும் எண்டோதீலியம் என்ற படலம் உரிந்துபோயிருக்கிறது. அந்த ஒற்றைச் செல் படலம் மருந்து எதுவும் கொடுக்காத நேரத்திலும் சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடைக் கசியவிட்டு, மென்தசையின் சுருக்கத்தை ஓரளவு அடக்கியே வைத்திருக்கிறது. படலம் போய்விட்டால் அந்தக் கடிவாளமும் போய்விடும். பீனைலெஃப்ரின் தன் முழு வலிமையைக் காட்டும்.

இதே பொறியில் உங்களுக்கு முன்னால் மிகப் பெரியவர் ஒருவர் கால் நூற்றாண்டு சிக்கியிருந்தார் என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். ராபர்ட் ஃபர்ச்காட் 1953இல் முயலின் பெருந்தமனியைச் சுருள்பட்டையாக வெட்டி ஆராய்ந்தபோது, அசிடைல்கோலின் அதைச் சுருக்குவதாகவே கண்டார். உயிருள்ள விலங்கில் இரத்தக்குழாய்களை விரிக்கும் பொருள், வெட்டியெடுத்த பட்டையை ஏன் சுருக்குகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1978 மே மாதம், நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த அவருடைய ஆய்வகத்தில், உதவியாளர் ஒருவர், தமனியைச் சுருக்க முன்பு கொடுத்த நார்அட்ரினலினைக் கழுவி நீக்காமலேயே, அசிடைல்கோலினைப் போன்று செயல்படும் கார்பக்காலைச் சேர்த்துவிட்டார். வளையம் தளர்ந்தது. தவற்றைத் திருத்திவிட்டு நகராமல் ஏன் தளர்ந்தது என்று தேடிப் போனபோதுதான், சுருள்பட்டை தயாரிக்கும்போது அதன் உட்புறம் விரலிலோ வேறு பரப்பிலோ உரசிப் படலம் அழிந்து வந்திருக்கிறது என்பது தெரிந்தது. வளையமாக நறுக்கியபோது அந்த உரசல் இல்லை.

ஜான் சவாட்ஸ்கியுடன் அவர் 1980இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். படலம் நீக்கிய பட்டை ஒன்றின்மேல் படலம் உள்ள பட்டையை உட்புறமாக ஒட்டிவைத்துச் செய்த ‘சாண்ட்விச்’ சோதனை அதில் இருக்கிறது. தனியாகத் தளர மறுத்த தசை, அண்டைப் பட்டையின் படலம் அனுப்பிய ஏதோ ஒரு பொருளால் தளர்ந்தது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது 1987இல் உறுதிப்பட்டது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987இன் முக்கியச் சான்றுகளில் ஒன்றைத் தந்த மொன்காடாவுக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

இனி உங்கள் கைக்கு வருவோம். கொழுப்பை நீக்கும்போது இடுக்கியால் கொழுப்பைப் பிடியுங்கள். தமனிச் சுவரைப் பிடிக்கவே கூடாது. உள்ளே தேங்கிய இரத்தத்தை ஊசியால் பீய்ச்சியடிக்காமல் மெல்ல வழிந்தோட விடுங்கள். கொக்கியை நுழைக்கும்போது அதன் நுனி சுவரைச் சுரண்டுகிறதா என்று உருப்பெருக்கியின்கீழ் பாருங்கள். முதலில் மாட்டிய வளையங்கள் கெடுகின்றனவா, கடைசியில் மாட்டியவை கெடுகின்றனவா என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், பழுது எந்தப் படியில் நேர்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

எண்ணும்எழுத்தும்

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பகுதி, அதாவது 60 விழுக்காடு விதி, அப்படியே நிற்கிறது. என் பார்வையில் ஆய்வின் உயிரே அங்குதான் இருக்கிறது.

நீரிழிவில் எண்டோதீலியத்தின் செயல் குன்றுகிறதா என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி. அதற்கு விடை ‘ஆம்’ என்றால் நீரிழிவு எலியின் வளையங்கள் குறைவாகத்தான் தளரும். குறைவாகத் தளர்பவற்றை எறிந்துவிட்டு மீதியை மட்டும் நலமான எலிகளோடு ஒப்பிட்டால், எதைத் தேடிப் புறப்பட்டீர்களோ அதையே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வேறுபாடு இல்லை என்று எழுதுவீர்கள். ஒவ்வொரு ஆய்வகமும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதாக நான் நினைக்கவில்லை. நலமான விலங்கை மட்டும் வைத்து ஒரு மருந்தைச் சோதிப்பவர்களுக்கு அது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

அப்படியானால் கைப்பிழையையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? நீங்கள் எழுதியதிலேயே ஒரு பிடி இருக்கிறது. உரசலால் வந்த சேதம் வளையத்துக்கு வளையம் மாறும். ஒரே எலியின் மூன்று வளையங்கள் நன்றாக இருக்க, நான்காவது முழுவதும் தோற்கும். நோயால் வந்த குறைவோ அந்த எலியின் எல்லா வளையங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தென்பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு எலியினுள்ளும் வளையங்களுக்கிடையே உள்ள சிதறலை முதலில் வரைந்து பாருங்கள். ஐயத்துக்குரிய வளையத்தைச் சோதனை முடிந்தபின் வெட்டித் திறந்து, வெள்ளி நைட்ரேட் சாயமிட்டுப் படலம் இருக்கிறதா என்று நேரில் பார்க்கலாம். ஒதுக்குவதற்கான அளவுகோல் அந்தப் படலமாக இருக்கட்டும், தளர்வு விழுக்காடாக இருக்க வேண்டாம். எந்த எலி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது, வளையம் மாட்டுபவருக்கும் ஒதுக்குபவருக்கும் தெரியக்கூடாது.

இன்னொன்று: 8 எலிகளிலிருந்து 32 வளையங்கள் எடுத்தால், உங்கள் மாதிரி எண்ணிக்கை 8 தான், 32 அல்ல. ஒரே எலியின் வளையங்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக்கூடாது.

அரும்பு_ஆய்வு

இருவருக்கும் நன்றி. பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நலமான எலிகளில் தோற்ற வளையங்களில் பெரும்பாலானவை, பெருந்தமனியின் மேல்முனையிலிருந்து வெட்டியவை. அந்த முனையைத்தான் நான் இடுக்கியால் பிடித்துத் தூக்குகிறேன். நீரிழிவு எலிகளிலும் மேல்முனை தோற்கிறது, ஆனால் மற்ற மூன்று வளையங்களும் சேர்ந்து ஓரளவு குறைவாகவே தளர்கின்றன. இது என் கைப்பிழையா, நோயா, இரண்டும் கலந்ததா? மென்தசையே பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டா?

மணிக்கட்டு_நாடி

நான் எலியைத் தொட்டதில்லை. மருத்துவமனையில் மனிதர்களின் மேற்கைத் தமனியை அல்ட்ராசவுண்டில் அளப்பவன். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி எங்களுக்கும் நாள்தோறும் எழுவதுதான்.

செலர்மேயர் குழுவினர் 1992இல் லான்செட் இதழில் விவரித்த முறையைத்தான் நாங்கள் சில மாற்றங்களோடு பின்பற்றுகிறோம். முன்கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, 5 நிமிடம் ஓட்டத்தை நிறுத்தி, பிறகு சட்டென்று தளர்த்துகிறோம். இரத்தம் பாய்ந்து வரும்போது சுவரில் உண்டாகும் உராய்வை எண்டோதீலியம் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது, தமனி விரிகிறது. விரிவு குறைவாக இருந்தால், படலம் செய்தி அனுப்பவில்லையா, தசை செய்தியைக் கேட்கவில்லையா என்று தெரியாது. அதனால் பின்னர் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுத்து மறுபடி அளக்கிறோம். படலத்தின் உதவியின்றியே தசையைத் தளர்த்தக்கூடியது அது. அதற்கும் விரியவில்லை என்றால் குற்றம் தசையில்.

உங்கள் பாத்தில் அந்த வேலையைச் சோடியம் நைட்ரோப்ருசைடு செய்யும். ஒவ்வொரு வளையத்துக்கும் அசிடைல்கோலினுக்குப் பிறகு கழுவிவிட்டு, மறுபடி சுருங்க வைத்து, அதைக் கொடுத்துப் பாருங்கள். ஒளியில் சிதையும் மருந்து என்பதால் புட்டியை அலுமினியத் தாளால் சுற்றிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெருந்தமனி வெறும் பெருவழிதான். எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்பதைச் சிறுதமனிகளே தீர்மானிக்கின்றன. ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்ற பாய்ம விதி அங்குதான் முழுமையாக விளையாடுகிறது. முல்வனியும் ஹால்பெர்னும் 1970களில் உருவாக்கிய கம்பி மயோகிராஃப், மயிரிழை போன்ற கம்பிகளை நுழைத்து அத்தகைய நுண்தமனிகளையே அளக்கிறது. அங்கே தளர்வுக்கு நைட்ரிக் ஆக்சைடு மட்டுமே பொறுப்பு அல்ல. அதன் உற்பத்தியை எல்-நேம் என்ற தடுப்பான் கொண்டு முடக்கிய பிறகும் கணிசமான தளர்வு எஞ்சும். ஆகவே பெருந்தமனியில் கண்டதை வைத்து, நீரிழிவில் இரத்த ஓட்டம் இப்படித்தான் குறைகிறது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

அரும்பு_ஆய்வு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மேல்முனையை நூலால் கட்டித் தூக்கி, கட்டிய பகுதியை வெட்டி நீக்கிவிட்ட பிறகு, நலமான 5 எலிகளில் 20 வளையங்களில் ஒன்று மட்டுமே தோற்றது. சாயமிட்டுப் பார்த்தபோது அதில் படலம் கீறிக் கிடந்தது. எலிகளின் குழு தெரியாதபடி, தோழி ஒருத்தி எண் மட்டும் ஒட்டித் தருகிறாள். நீரிழிவு எலிகளில் இதுவரை இரண்டுதான் முடிந்திருக்கின்றன. இரண்டிலும் நைட்ரோப்ருசைடுக்கு வளையங்கள் முழுமையாகத் தளர்ந்தன, அசிடைல்கோலினுக்கு எல்லா வளையங்களும் ஒன்றுபோலக் குறைவாகவே தளர்ந்தன. இரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது தெரியும். மீதி 6 முடிந்ததும் வரைபடத்தோடு வருகிறேன்.