சிலிண்டர் ஹெட் இல்லாத எஞ்சின் ஏன் லொறிகளில் நிலைக்கவில்லை?

மரக்கறி லொறி, கொழும்பு:
நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் எங்கள் லொறிக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று தடவை ஹெட் கெஸ்கட், அதாவது சிலிண்டரை மூடும் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் தகடு, எரிந்துவிட்டது. கடைசித் தடவை பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடியபோது, ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடும் எஞ்சினுக்கு ஹெட்டே கிடையாது என்று முதிய மெக்கானிக் ஒருவர் சொன்னார். அப்படி ஓர் எஞ்சின் உண்மையில் லொறியில் ஓடியதா? ஓடியதென்றால் இன்று ஏன் அதைக் காணவில்லை?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தெஹிவளை:
லொறியில் மட்டுமன்று, விமானத்திலும் ஓடியது. ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனம் 1930களில் செய்த யூமோ 205 என்னும் டீசல் எஞ்சினில் 6 சிலிண்டர்களுக்குள் 12 பிஸ்டன்கள் இயங்கின. லொறிக்கென்று பார்த்தால், பிரித்தானியாவின் ரூட்ஸ் குழுமம் 1954இல் கொமர் லொறிகளில் பொருத்திய டீ.எஸ்.3 எஞ்சினைச் சொல்ல வேண்டும். அதில் 3 சிலிண்டர்கள், 6 பிஸ்டன்கள். ஆனால் நெம்புகோல்களின் உதவியால் எல்லாப் பிஸ்டன்களும் ஒரே கிராங்க் தண்டையே, அதாவது பிஸ்டனின் முன்பின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டையே, சுழற்றின.

இரண்டு பிஸ்டன்களும் நெருங்கும்போது நடுவில் அகப்பட்ட காற்று அமுக்கப்பட்டுச் சூடேற, சிலிண்டரின் பக்கச் சுவரிலுள்ள இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்கிறது. எரிந்து விலகும்போது ஒரு பிஸ்டன் புகைத் துளைகளை முதலில் திறக்க, சற்றுப் பிந்தி மற்றது காற்றுத் துளைகளைத் திறக்கிறது. புதுக் காற்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் பாய்ந்து புகையைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகையால் வால்வும் வேண்டியதில்லை. கெஸ்கட் மிச்சமாவதைவிடப் பெரிய நன்மை வேறொன்று உண்டு: ஹெட்டின் வழியாகக் குளிர்நீருக்குப் போயிருக்க வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளும் வேலைக்குக் கிடைக்கிறது. ஐம்பதுகளிலேயே இதைச் சாதித்தவர்களை நான் இன்றும் வியக்கிறேன்.

பட்டறைக்காரர், கொட்டாஞ்சேனை:
ஐயா சொன்ன நன்மைகளை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பழுதுபார்ப்பவனின் பக்கமும் உண்டு. புகைத் துளைகளின் மேல் ஓயாமல் உரசிச் செல்லும் பிஸ்டனுக்குச் சூடு அதிகம், அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரிங்குகள் விரைவில் தேயும். துளைகள் வழியாக எண்ணெய் கசிந்து எரிவதால் புகையைச் சுத்தமாக வைத்திருப்பதும் கடினம். இது ஒவ்வொரு சுற்றிலும் எரியும் இரண்டடிப்பு எஞ்சின். பிஸ்டனைத் தாங்கும் 'பின்' என்ற உருளையின் மீது எப்போதும் ஒரே பக்கமாகவே அழுத்தம் விழுவதால், அந்த உருளைக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற வளையத்துக்கும் இடையில் எண்ணெய் நுழைய இடம் கிடைப்பதில்லை.

மரக்கறி லொறி, கொழும்பு:
அப்படியென்றால் கொமர் நின்றுபோனதும் இந்தக் குறைகளால்தானா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தெஹிவளை:
குறைகள் மட்டும் காரணமல்ல. நான்கு சிலிண்டர்களுடன் அடுத்த எஞ்சினையும் அவர்கள் உருவாக்கிச் சோதித்திருந்தார்கள். ரூட்ஸ் குழுமம் அமெரிக்க வாகன நிறுவனமான கிறைஸ்லரின் கைக்குப் போனபின் அந்த வேலை கைவிடப்பட்டது.

பட்டறைக்காரர், கொட்டாஞ்சேனை:
தம்பி, உங்கள் லொறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கெஸ்கட் எரிந்ததென்றால் ஹெட் வளைந்திருக்கலாம். அடுத்த கெஸ்கட்டை வாங்குமுன், ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேரான இரும்பு அடிமட்டத்தை வைத்து இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவுங்கள்.