ஆங்கிலியா ஸ்கொயர், நாரிச்: எத்தனை மாடி?

வடகரை:
இங்கிலாந்தின் நாரிச் நகராட்சி, ஆங்கிலியா ஸ்கொயரை 2024 கடைசியில் விலைக்கு வாங்கியது. 1960களில் எழும்பிய இந்தக் கடைவளாகத்துக்கு இரண்டு திட்டங்கள் வந்து விழுந்தன. முதலாவதில் 20 மாடிக் கோபுரம், 1,200க்கு மேல் வீடுகள். 2018ல் நகராட்சி அனுமதித்தது, பொது விசாரணை நடத்திய அதிகாரியும் பரிந்துரைத்தார். ஆனாலும் 2020 நவம்பரில் மத்திய அரசின் அமைச்சர் மறுத்தார். அடுத்தது 8 மாடி, 1,100 வீடுகள் வரை. 2023ல் அனுமதி கிடைத்தும், 2024ல் கட்டுநர் விலகிவிட்டார். நாரிச் பேராலயத்தின் கூர்கோபுரம் 96 மீட்டர். சால்ஸ்பரி பேராலயத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே உயரமானது. அதோடு போட்டி வேண்டாம். ஆறு மாடியோடு நிறுத்தட்டும்.

கணக்கன்:
ஆறு மாடி என்று சொல்ல யாருக்கும் முடியும். அந்த 20 மாடிக் கோபுரம் கட்டடக்கலை ஆசையில் வந்ததில்லை, கணக்கில் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது, இடிப்பு, அகழாய்வு எல்லாம் முதல் வீடு விற்பதற்கு முன்பே செலவாகிவிடும். இரண்டாவது திட்டத்தில் மலிவு வீடுகள் வெறும் 10 சதவீதம். இரண்டு மாடியைக் குறைத்தால் அதுவும் போகும்.

வடகரை:
எட்டு மாடிதான் உங்கள் கணக்கைக் கெடுக்கிறது. 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ எட்டினால் குடியிருப்பு 'உயர் ஆபத்து' வகைக்குள் போகும். கட்டடப் பாதுகாப்பு ஒழுங்காளரின் ஒப்புதல் வரும்வரை வேலை தொடங்க முடியாது. சட்டத்தில் 12 வாரம். நடப்பில் பல திட்டங்கள் அதைத் தாண்டிக் காத்துக் கிடந்தன. 2026 செப்டம்பர் 30 முதல் 18 மீட்டரைத் தொடும் குடியிருப்புகளுக்கு இரண்டாம் படிக்கட்டும் வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் விற்கக்கூடிய பரப்பை அது தின்னும்.

உயரத்தைக் கூரைவரை அளப்பதில்லை, மேல்மாடியின் தரைவரைதான். கீழே கடைக்கு 5 மீட்டர், மேலே வீட்டுக்கு 3.1 மீட்டர் என்று வைத்தால், கடையையும் ஒரு மாடியாக எண்ணி, ஆறாம் மாடியின் தரை 17.4ல் நிற்கும். தெருவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து அளப்பதால், நிலம் 60 செ.மீ. சரிந்தாலே 18 ஆகிவிடும், கதை முடிந்தது. நிலமட்டத்தைச் சரியாக அளக்காமல் வரைபடம் போட்டுவிட்டு பிறகு தலையில் கைவைக்கிறார்கள்.

சட்டகம்:
இருவரும் இடிப்பதைக் கேள்வியே கேட்கவில்லையே? இந்த வளாகத்தின் சாவரின் ஹவுஸ் மாதிரியான அலுவலகக் கட்டடத்தின் கான்கிரீட் சட்டகத்தை வைத்துக்கொண்டே வீடாக்கலாம். புதுக்கட்டடத்துக்கு வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி 0, பழுதுபார்ப்புக்கு 20 சதவீதம். அதனால்தான் எல்லோரும் சுத்தியலைத் தூக்குகிறார்கள்.

கணக்கன்:
பாதிதான் சரி. அலுவலகத்தை வீடாக மாற்றும் வேலைக்கு வாட் 5 சதவீதம்தான், 20 இல்லை. உண்மையான சிக்கல் சட்டகத்துக்குள். கண்ணாடி உடைந்து பல்லாண்டு மழை புகுந்த கட்டடம். மாடிக்கு மாடி துளையிட்டு உருளை மாதிரி எடுத்து, புதிதாக உடைத்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் என்ற, காரம் காட்டும் திரவத்தைத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத பட்டை உள்ளிருக்கும் இரும்புக் கம்பிவரை போயிருந்தால், கம்பியைக் காக்கும் காரம் போய்விட்டது. ஈரம் பட்டாலே துரு. பிறகு ஒவ்வொரு தூணையும் உரித்துப் பூச வேண்டும்.

சட்டகம்:
அந்தச் சோதனை முடிவு கைக்கு வரும் முன்பே இடிப்பு ஒப்பந்தம் போடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அகழி:
இடிப்பதென்றாலும் தரையிலுள்ள கான்கிரீட் பலகையைத் தொடாமல் நிறுத்துங்கள். வென்சம் ஆற்றின் வடகரையில் ஆங்கிலோ-ஸ்காண்டிநேவிய, அதாவது வைக்கிங் குடியேற்றக் காலக் காப்பு அகழி ஓடியது. பழைய அடித்தளங்களை எந்திரம் பிடுங்கினால், கூடவே சுற்றியுள்ள மண்படிவமும் கலைந்துவிடும். பலகையை விட்டுவைத்து, கட்டம் கட்டமாக அறுத்து, தொல்லியலாளர் பார்த்த பிறகே தோண்ட வேண்டும். பழைய கட்டடத் தூண்கள் இறங்கிய இடத்திலேயே புதுப் பைல்களை, அதாவது அடித்தளத் தூண்களை, வைத்தால் சேதம் குறையும். நாரிச்சின் அடியில் பழைய சுண்ணாம்புச் சுரங்கங்கள் வேறு. 1988ல் எர்லம் சாலையில் ஒரு பேருந்தே குழிக்குள் இறங்கியது. பைல் ஆழத்தை மண் ஆய்வுக்கு முன் எழுதுகிறவர் பணத்தை மண்ணில்தான் போடுகிறார்.

கணக்கன்:
சரி, கட்டம் கட்டமாக அறுங்கள். அதுவரை மாக்டலன் தெருப் பக்கம் கடை வைத்திருப்பவர் எங்கே போவார்? முதல் கட்டத்திலேயே அவர்களுக்கு அதே வாடகையில் இடம் கட்டிக் கொடுத்துவிட்டு இடியுங்கள். அந்த வாடகை இழப்பை யார் கணக்கில் எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

வடகரை:
நில உரிமையாளர் இப்போது நகராட்சி. அவர்கள் கணக்கில்தான்.