பலவீனமான அணிகளோடு ஆடி மெத்தனம் பிடித்த அணிக்குப் பழைய வேகம் திரும்புமா?

நள்ளிரவு நேரலை (கேள்வி)

கடந்த வாரம் 2014 ஏப்ரல் 29 அன்று மியூனிக்கில் நடந்த, ஜெர்மனியின் பேயர்ன் – ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் மோதிய சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கால்பந்துக் கோப்பை) அரையிறுதியை மறுபடியும் முழுமையாகப் பார்த்தேன். அன்று நம் நேரப்படி இரவு பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தை விழித்திருந்து பார்த்தவன் நான். முப்பத்துநான்காவது நிமிடத்தில் ரியலின் மூன்றாவது கோலை ரொனால்டோ அடித்தபோது தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இந்த முறைதான் கடைசி வரை உட்கார முடிந்தது.

என் கேள்விக்குக் காரணம், அந்தத் தோல்விக்கு முந்தைய ஐந்து வாரங்கள். அந்தப் பருவத்தில் பேயர்ன் மார்ச் 25 அன்றே, இன்னும் ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே, பெர்லினில் ஹெர்த்தாவை 3-1 என்று வென்று ஜெர்மன் லீக் பட்டத்தை உறுதி செய்துகொண்டது. அதுவரை ஆடிய 27 லீக் ஆட்டங்களில் 25 வெற்றி, இரண்டு டிரா, தோல்வியே கிடையாது. அதற்கு நான்கு நாள் கழித்துச் சொந்த மைதானத்தில் ஹோஃபன்ஹைமோடு 3-3. அடுத்த வாரம் ஆக்ஸ்பர்க்கிடம் 0-1, அதோடு 53 லீக் ஆட்டங்கள் நீண்டிருந்த தோல்வியறியாத ஓட்டம் முடிவுக்கு வந்தது. அதற்கடுத்து டார்ட்மண்டிடம் சொந்த மைதானத்திலேயே 0-3. லீக்கில் இனி எதுவும் பாக்கியில்லை என்று எல்லோரும் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். பிறகு அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களில் ரியலிடம் மாட்ரிட்டில் 0-1, மியூனிக்கில் 0-4.

எளிதாக வெல்லும் ஆட்டங்களில் பாதி வேகத்தில் ஓடிப் பழகிவிட்ட ஓர் அணி, பெரிய ஆட்டம் வந்ததும் பழைய முனைப்பை நினைத்த மாத்திரத்தில் வரவழைத்துக்கொள்ள முடியுமா? அல்லது ஒருமுறை தளர்ந்தால் அந்தப் பருவம் முழுக்கத் தளர்ச்சிதானா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இடது விங்

முடியும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றாக 2025ஆம் ஆண்டின் பி.எஸ்.ஜி. (பாரிஸ் செயின்ட் ஜெர்மேன்) இருக்கிறது. நீங்கள் சொன்ன பேயர்னின் கதையை அப்படியே பிரெஞ்சில் எழுதியதுபோல்தான் அதன் முதல் பாதி இருக்கும். ஏப்ரல் 5 அன்று ஆன்ஷேயை 1-0 என்று வென்று, ஆறு ஆட்டங்கள் மீதமிருக்கையில் தோல்வியே இல்லாமல் பட்டம் பெற்றது. லீக் முழுவதையும் தோல்வியில்லாமல் முடித்துவிடலாம் என்ற ஆசையும் இருந்தது. ஆனால் நான்டஸோடு 1-1, பிறகு பாரிஸிலேயே நீஸிடம் 1-3. அந்த இரண்டுக்கும் முன்பே, ஆஸ்டன் வில்லாவின் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதி இரண்டாம் ஆட்டத்தில், ஹகிமியும் நூனோ மெண்டஸும் கோல் அடித்து மொத்தக் கணக்கில் 5-1 என்று முன்னிலை பெற்ற பிறகு, வரிசையாக மூன்று கோல்களை வாங்கிக்கொண்டு, கோல்கீப்பர் டொன்னரும்மாவின் கைகளை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மெத்தனத்தைப் பாடம் நடத்த வேண்டுமென்றால் அந்த இரண்டாம் பாதி போதும்.

நீஸிடம் தோற்ற நான்காவது நாள், லண்டனில் ஆர்சனலுக்கு எதிரான அரையிறுதியில் நான்காவது நிமிடத்திலேயே பி.எஸ்.ஜி.யின் டெம்பெலே கோல் அடித்தார். மே 31 அன்று மியூனிக்கில் நடந்த இறுதியில் இன்டர் மிலானை 5-0 என்று வென்றார்கள். அந்த இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். இன்டரின் கோல்கீப்பர் சோமர் பந்தை வைத்துவிட்டு உதைக்கத் தயாராகும்போதெல்லாம், பெனால்டி பகுதிக் கோட்டின் விளிம்பில் ஓட்டப்பந்தய வீரரைப் போல உடலை முன்சாய்த்துக்கொண்டு, சோமரின் கால்களையே பார்த்தபடி டெம்பெலே நின்றுகொண்டிருப்பார். அன்று அவர் கோல் அடிக்கவில்லை. ஆனால் அந்த நிற்றலில் இருந்த பசி, பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் தொற்றியது.

இதே டெம்பெலேயைத்தான் 2024 அக்டோபரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அழைத்துச் செல்லாமல் பாரிஸிலேயே விட்டுவிட்டுப் போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தில் 0-2 என்று தோற்றார்கள், என்ரிக்கேயை எல்லோரும் திட்டினார்கள். ஆனால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் இடம் நிரந்தரமில்லை என்பது அணியில் எல்லோருக்கும் அன்றே தெரிந்துவிட்டது. அந்தப் பயம் பருவத்தின் தொடக்கத்திலேயே ஊட்டப்பட்டிருந்ததால்தான் ஏப்ரலில் வந்த தளர்ச்சி மேலோட்டமாகவே நின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

நடுக்களத்தான்

கேள்வியிலேயே எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது. பேயர்ன் ரியலிடம் 0-4 என்று தோற்றதற்கு மெத்தனம்தான் காரணமா? பயிற்சியாளர் குவார்டியோலா அன்று ரிபெரி, ராபன், முல்லர், மன்சூகிச் என நால்வரை முன்னால் நிறுத்தி, நடுக்களத்தை ஷ்வைன்ஸ்டைகர், குரூஸ் என்ற இருவரிடம் ஒப்படைத்தார். அவ்வளவு பெரிய வெளியை இரண்டு பேர் காக்க முடியாது. முதல் இரண்டு கோல்களும் கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் வந்தவை. பதினாறாவது நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் ரியலின் ராமோஸ் தலையால் முட்டினார். மூன்றாவது, திறந்துகிடந்த அந்த வெளியின் ஊடாக வந்த எதிர்த்தாக்குதல். ஆட்டம் முடிந்ததும் தவறு தன்னுடையதுதான் என்று குவார்டியோலாவே ஒப்புக்கொண்டார். அன்று பேயர்ன் ஆட்டக்காரர்கள் ஓடாமல் இல்லை. ஓட வேண்டிய இடத்தில் ஆள் இல்லாமல் போனது. தோற்ற அணியை எல்லாம் ‘மெத்தனம்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது நம் வர்ணனையாளர்களுக்குப் பழகிப்போன சோம்பல்.

ஆனால் உங்கள் கேள்வியை முழுதாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டு இதே பேயர்ன், இதே ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோருடன், 2013 ஏப்ரல் 6 அன்றே ஆறு ஆட்டங்கள் மீதமிருக்கையில் பட்டம் பெற்றது. அதன் பிறகு நியூரம்பர்க்கை 4-0, ஹனோவரை 6-1, பார்சிலோனாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 7-0. மீதமிருந்த ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றை மட்டும், அதுவும் டார்ட்மண்டின் மைதானத்தில், டிரா செய்தார்கள். மற்ற ஐந்தையும் வென்றார்கள். சூழ்நிலை ஒன்றாகவே இருக்க, 2013இல் வராத தளர்ச்சி 2014இல் ஏன் வந்தது?

எனக்குத் தெரிந்தவரை விடை 2012இல் இருக்கிறது. அந்த ஆண்டு பேயர்ன் லீக்கில் இரண்டாம் இடம், ஜெர்மன் கோப்பை இறுதியில் டார்ட்மண்டிடம் 2-5 தோல்வி, சொந்த மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சியிடம் பெனால்டியில் தோல்வி. அந்தப் புண் ஆறாமல் 2013இல் அப்போதைய பயிற்சியாளர் ஹெய்ன்கெஸின் அணி ஆடியது. 2014இல் அதே ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் வென்று முடித்தவர்கள். வயிறு நிறைந்தவனைப் பந்திக்கு மறுபடியும் கூப்பிட்டால் வருவான், ஆனால் முதல் வரிசையில் உட்கார அடித்துப்பிடித்து வரமாட்டான்.

நண்பர் இடது விங் பி.எஸ்.ஜி.யைச் சொன்னார். அவர்களும் அதுவரை சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

பழைய கையுறை

நான் கல்லூரி அணியில் மூன்று ஆண்டு கோல்கீப்பராக நின்றவன். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு போட்டியின் காலிறுதியில் எங்களைவிட மிகச் சிறிய கல்லூரி ஒன்றோடு ஆடினோம். இடைவேளையில் 5-0. என் கையுறையின் உள்ளங்கைப் பகுதி காலையில் நனைத்துக்கொண்டு வந்ததற்குப் பிறகு முழுக்கக் காய்ந்திருந்தது. அந்த முதல் பாதியில் பந்து என்னிடம் இரண்டே முறை வந்தது, இரண்டும் எங்கள் ஆட்களே பின்னால் தட்டிவிட்டவை. இரண்டாம் பாதியில் மூன்று கோல் வாங்கினோம். யாருக்கும் கவலையில்லை, 6-3 என்று வென்றுவிட்டோம். இரண்டு நாள் கழித்து அரையிறுதியில், எங்களுக்குச் சமமான அணியோடு, முதல் கால் மணி நேரத்துக்குள் இரண்டு கோல் பின்தங்கினோம். மீளவே இல்லை.

அன்று கால்கள் ஓடின. எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகவே ஓடினார்கள் என்றுகூடச் சொல்வேன். இல்லாமல் போனது சத்தம். ‘பின்னால் ஆள்’, ‘திரும்பாதே’, ‘விடு, நான் எடுக்கிறேன்’ என்று தடுப்பாட்டக்காரர்கள் தமக்குள் இடைவிடாமல் கத்திக்கொண்டிருப்பதுதான் ஓர் அணியின் நாடித்துடிப்பு. எளிய ஆட்டத்தில் அது தேவைப்படாது, ஆகவே முதலில் அதுதான் நிற்கும். அது நின்றது யாருக்கும் தெரியாது, கோல்கீப்பரைத் தவிர. அரையிறுதியில் நான் கத்தியபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஓட்டத்தை ஒரே நாளில் வரவழைத்துவிடலாம். பக்கத்தில் இருப்பவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்க்காமலேயே தெரிந்துகொள்ளும் பழக்கம் ஒரே நாளில் வராது. ராமோஸின் இரண்டு கோல்களையும் ஒலியைக் கூட்டி வைத்து மறுபடி பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, நண்பர் நடுக்களத்தான் அவற்றை அணி வகுப்பின் குற்றமாக மட்டும் பார்ப்பதால். கார்னரில் ஆளை விட்டுவிடுவதற்கும் நடுக்களத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதற்கும் என்ன தொடர்பு?

நடுக்களத்தான்

ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு கோல்களையும் அணி வகுப்பின் கணக்கில் நான் எழுதியது தவறு. மூன்றாவதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நீங்கள் சொன்னதை ஒட்டி இன்னொன்று தோன்றுகிறது. 2022 உலகக் கோப்பையில் 36 ஆட்டங்கள் தோல்வியறியாமல் வந்த அர்ஜென்டினா, முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்தார். இடைவேளைக்குள் மேலும் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டன. எப்படியும் இன்னொரு கோல் வந்துவிடும் என்ற நினைப்பில் இடைவேளைக்குப் போன அணி, திரும்பி வந்த எட்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் வாங்கியது. அடுத்து மெக்சிகோவோடு ஆடும்போது பயிற்சியாளர் ஸ்கலோனி ஐந்து பேரை மாற்றினார். போலந்துக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரர்களாக இருந்த என்சோ பெர்னாண்டஸும் ஹூலியன் அல்வாரஸும் தொடக்கத்திலேயே இறங்கினார்கள். கோப்பையை வென்ற அணியின் நடுக்களமும் முன்வரிசையும் அந்தத் தோல்வியில்தான் உருவாயின. ஸ்கலோனி உள்ளே என்ன பேசினார் என்பதைவிட, யாரை உட்கார வைத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சத்தம் நின்றுபோன அணியில் புதிதாக இறங்குபவன் கத்தியே ஆக வேண்டும், அவனுக்கு இடம் வேண்டுமே.

அர்ஜென்டினாவுக்கு அந்த அடி முதல் ஆட்டத்திலேயே விழுந்தது அதிர்ஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே தோல்வி காலிறுதியில் வந்திருந்தால் திருத்திக்கொள்ள அடுத்த ஆட்டம் இருந்திருக்காது.

நள்ளிரவு நேரலை

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு நேற்று இரவு, ரியல் தோல்விக்குப் பதினெட்டு நாள் கழித்து, 2014 மே 17 அன்று பெர்லினில் நடந்த ஜெர்மன் கோப்பை இறுதியைத் தேடிப் பார்த்தேன். கேள்வி கேட்டபோது இந்த ஆட்டம் என் நினைவிலேயே இல்லை. ஒரு மாதம் முன்பு தங்களை 3-0 என்று வென்ற அதே டார்ட்மண்டைக் கூடுதல் நேரத்தில் 2-0 என்று பேயர்ன் வென்றது. நடுக்களத்தான் சொன்னதற்கு ஏற்றபடியே, மன்சூகிச் அணியில் இல்லை, ரிபெரி தொடக்கத்தில் இல்லை. பின்னால் மூவரை நிறுத்திவிட்டு, வலப்பக்கத்தில் பதினெட்டு வயது ஹொய்பியரை இறக்கியிருந்தார் குவார்டியோலா. அந்தப் பையன் பந்து கிடைக்காதபோதும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஆகவே அந்தப் பருவத்திலேயே வேகம் திரும்பியது, ஆனால் அதே பதினொருவரோடு திரும்பவில்லை என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. இரண்டாம் பாதியில் டார்ட்மண்டின் ஹம்மல்ஸ் தலையால் முட்டிய பந்தை பேயர்னின் டான்டே வெளியே உதைப்பதற்குள் அது கோல் கோட்டை முழுதாகத் தாண்டிவிட்டது. நடுவர் கோல் தரவில்லை, அப்போது ஜெர்மனியில் கோல் கோட்டுத் தொழில்நுட்பமும் கிடையாது. அதைத் தந்திருந்தால் நான் இந்தப் பதிலையே வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

பழைய கையுறை

அந்தப் பந்து உள்ளேதான். நான்கு கோணத்திலும் பார்த்துவிட்டேன்.